கால் திருகு

சாவி கைக்கு வந்த அன்று
லோர்கன் சமையலறைத் தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தான்.
அது யோசிக்கவே இல்லை.
அடுப்பைத் தாண்டி, ஃபிரிட்ஜ் இருக்க வேண்டிய வெற்றிடத்தைத் தாண்டி
வடகிழக்கு மூலையில் போய் நின்றது,
பல வருடம் அங்கே குடியிருந்ததுபோல.

பதினெட்டாயிரம் டாலர்.
மொன்டானாவில், பியூட் நகரின் மேட்டுத் தெருவில்,
செம்புக்காகக் குடைந்து குடைந்து
வயிறு காலியாகிப்போன மலையின் மேல்
எவனோ ஒரு சுரங்கத் தொழிலாளியின் வீடு.
"எலும்பு நல்லா இருக்கு" என்றாள் தரகுக்காரி.
எலும்பை மட்டும்தான் விட்டுவைத்திருந்தார்கள்.

முதல் ஜனவரியில் குழாய் வெடித்தது.
கோட்டும் தொப்பியுமாகச் சாப்பிட்டோம்.
குளியல் தொட்டி ஏழு மாதம் ஹாலில் கிடந்தது,
உள்ளே புத்தகங்களும் பூனையும்.
நான் சுவர்க் காகிதம் உரித்தேன்:
ரோஜா. ரோஜாவுக்கடியில் வெறும் கோடுகள்.
கோடுகளுக்கடியில் பாய்மரப் படகுகள்
(கடல் இல்லாத இந்த ஊரில்
யாருக்கோ அவை வேண்டியிருந்திருக்கின்றன).
படகுகளுக்கடியில் 1911-ஆம் வருடச் செய்தித்தாள்,
காலணி விளம்பரம், பாதி விலை.
என் நகக்கண்ணில் எல்லாருடைய பசையும்.

செலவுக்கு ஒரு நோட்டுப் போட்டிருந்தோம்.
பாய்லர் வந்த மாதம்
கூட்டுவதை நிறுத்திக்கொண்டேன்.

நிலவறையில் மூன்று இரும்பு ஜாக்கிகள்.
"வாரத்துக்கு ஒரு கால் திருகு,
அதுக்கு மேல ஆசைப்படாதீங்க,
வீடு உடைஞ்சிடும்"
என்றார் இரும்புக்கடை வுகோவிச்.
ஞாயிறுதோறும் லோர்கன் கீழே இறங்குவான்,
நான் மேலே நின்று காது கொடுப்பேன்.
உத்தரங்கள் முனகும். எங்கோ காரை உதிரும்.
"போதுமா?" என்பான் தரைக்கடியிலிருந்து.
என் உள்ளங்காலுக்குக் கீழே அவன் குரல்.
இத்தனை வருடத் தாம்பத்தியத்தில்
அவன் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி அதுதான்.

இரண்டாம் வருடம் கோலி தயங்கியது.
மூன்றாம் வருடம் வைத்த இடத்திலேயே நின்றது.
ஒரு பாட்டில் விஸ்கியைத் திறந்தோம்.
அன்றிரவு படுக்கப் போகும்போதுதான் தெரிந்தது,
வீட்டில் ஒரு கதவும் மூடவில்லை.

கழற்றிப் பார்த்தோம்.
ஒவ்வொரு கதவின் தலையும் சாய்வாக இழைக்கப்பட்டிருந்தது.
முன்னே இருந்தவர்கள்
வீடு சரியச் சரியக் கதவைச் சீவியிருக்கிறார்கள்,
ஒவ்வொரு குடும்பமும் ஒரு மயிரிழை.
கோணலுக்குள் எல்லாம் பொருந்தித்தான் இருந்தது.
நாங்கள் நேராக்கிக் கெடுத்தோம்.

அந்தக் கதவுகளோடு லோர்கன் ஒரு வருடம் பேசவில்லை.
என்னோடு அதில் பாதி.

மார்ச்சில், அவன் வேலைக்குப் போன ஒரு நாள்,
நான் நிலவறைக்குப் போய்
ஒரு கால் திருகு இறக்கினேன்.
அடுத்த வாரம் இன்னொன்று.
ஈஸ்டருக்குள் படுக்கையறைக் கதவு
'டக்' என்று நிலைக்குள் உட்கார்ந்தது.
"மரம் காய்ஞ்சு சுருங்கிடுச்சு" என்றான்.
"ஆமாம்" என்றேன்.
கோலிக்குண்டு அதற்கு முன்பே
என் குளிர்காலக் கோட்டுப் பைக்குப் போயிருந்தது.

இந்த வசந்தத்தில் கூரை ஒழுகியது,
நாங்கள் முதன்முதலில் எங்கள் கையால் வேய்ந்த கூரை.
இருபத்தைந்து வருட உத்தரவாதம்;
அந்தச் சீட்டைச் சிரித்துக்கொண்டே கோப்பில் வைத்தோம்.
அப்போது இருபத்தைந்து வருடம் என்பது
வேறு யாருக்கோ நடப்பது.

ஏணியில் ஏறிய பையன், ப்ரைஸ்,
நாங்கள் வீடு வாங்கியபோது பிறந்திருக்க மாட்டான்.
நாலு ஓட்டைப் பெயர்த்துப் பார்த்துவிட்டு
மேலிருந்து கத்தினான்:
"யாரு போட்டது இதை?
ஆணி எல்லாம் ஒரு விரக்கடை மேல அடிச்சிருக்கு!"

லோர்கன் முழங்காலைத் தடவிக்கொண்டு
தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முன்னே இருந்தவங்க" என்றேன்.